நின்று சொன்ன பொய், உட்கார்ந்து சொல்லும் உண்மை

நான் விழுந்தது ஆலயத்துக்குள்ளேதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சினிமாக் கொட்டகையில் விழுந்திருந்தால், அவளுக்கு வேண்டியதுதான் என்று நீங்களே முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பீர்கள். நான் விழுந்தது ஆராதனை மேடைக்குப் பக்கத்தில், ஏணியின் மேல்படியிலிருந்து, என் கையாலேயே தைத்த கிறிஸ்துமஸ் திரையை மாட்டிக்கொண்டிருந்தபோது.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. டிசம்பர் மாதம். பண்டிகைக்கு ஒன்பது நாள் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம், நல்ல குளிர். ஆறு ஆண்கள் கீழே நின்று திரை இடது பக்கம் இறங்கியிருக்கிறது, வலது பக்கம் ஏறியிருக்கிறது என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை. தைத்தவளே மாட்டினால்தான் மடிப்பு சரியாக விழும் என்று சொல்லிவிட்டார்கள். ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன் என்று நின்ற மூப்பர் சாமுவேல், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். சொல்லிவிட்டுக்கூடப் போகவில்லை.

ஏணி நழுவியது. நான் வலது காலை முன்னே விட்டு நேராகத் தரையில் இறங்கினேன். முழங்காலுக்குள் ஏதோ நொறுங்கிய சத்தம் என் காதுக்கே கேட்டது. திரை மேலே விழுந்து என்னை மூடிக்கொண்டது. அதற்குள்ளே கிடந்துகொண்டு நான் கத்திய கத்தலில் ஸ்தோத்திரம் எதுவும் இருக்கவில்லை.

என் பெயர் சலோமி. கண்டோன்மெண்டில், பிளாக்பள்ளியில் குடியிருக்கிறோம். நான் தையல்காரி. ஜன்னலோரம் ஒரு மிஷின். துரைசானிகளுக்குக் கவுன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை, நம் சபைப் பெண்களுக்கு ரவிக்கை. என் வீட்டுக்காரர் தேவராஜ் மில்லில் வேலை. வாயில்லாத மனுஷன். வீட்டில் இருக்கிற கோபத்தையெல்லாம் நானே குத்தகைக்கு எடுத்துக்கொண்டேன் என்று அவர் சொல்லுவார். சொல்லட்டும்.

ஜட்கா வண்டியில் போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்வதற்குள் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் கன்னடக்காரர், சின்ன வயசு, சீமையில் படித்துவிட்டு வந்தவர். அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்கே காட்டினார்.

"பாரும்மா. இது தொடை எலும்பு. இது கீழ்க்கால் எலும்பு. இதோட தலை மேலதான் அது உக்காரணும். இந்தப் பக்கம் பிளந்துடுச்சு. பிளந்தது மட்டும் இல்லை, நடுவில உள்ளே இறங்கிடுச்சு."

"சேருமா டாக்டர்?"

"இறங்கினதைத் தூக்கணும். தூக்கினா கீழே குழி. அந்தக் குழியை உன் இடுப்பு எலும்பை எடுத்து அடைக்கணும். அப்புறம் குறுக்கே போல்ட்டு போட்டு இறுக்கணும். அதுக்கு முன்னே வீக்கம் வத்தணும்."

அன்றைக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த மனுஷன் என்னிடம் சொன்னார். தையல்காரிக்கு என்ன தெரியும் என்று நினைக்கவில்லை. அதற்காகவே அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஒரு கம்பியைக் குறுக்கே செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டில் கால்மாட்டில் கனத்தைத் தொங்கவிட்டார்கள். பன்னிரண்டு நாள் அப்படியே மல்லாக்கக் கிடந்தேன். பண்டிகை அதற்குள்ளே வந்து போய்விட்டது. சபையிலிருந்து கேக் வந்தது. மூப்பர் சாமுவேல் வந்து, "எல்லாம் நன்மைக்குத்தாம்மா" என்றார். ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கை எட்டியிருந்தால் அந்தக் கேக்கை அவர் மூஞ்சியிலேயே எறிந்திருப்பேன்.

ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது முட்டியைவிட இடுப்புதான் அதிகமாக வலித்தது. பென்சிலின் ஊசி போட்டுப் போட்டு உட்காருகிற இடமெல்லாம் கல்லாகிவிட்டது. மூன்று வாரம் மாவுக்கட்டு. அப்புறம் கட்டைப் பிரித்து, முட்டியை மடக்கி நீட்டச் சொன்னார்கள். மடக்கும்போது உயிர் போயிற்று. ஆனாலும் மடங்கியது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னார்.

"மூணு மாசம் கால் ஊர பேடா. புரியுதா? ஊனவே கூடாது. மடக்கு, நீட்டு, எவ்வளவு வேணும்னாலும் செய். நிக்காதே. உள்ளே வெச்ச எலும்பு இன்னும் பச்சை. நீ நின்னா உன் கனம் முழுக்க அது மேல இறங்கும்."

"சரி டாக்டர்" என்றேன். கக்கத்துக் கட்டை இரண்டும் வாங்கிக்கொண்டு, காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன்.

இதுவரைக்கும் கர்த்தர் செய்ததெல்லாம் சரியாகவே இருந்தது. அதற்கப்புறம் நாம் செய்ததைச் சொல்லப் போகிறேன். நாம் என்றுதான் சொல்லுகிறேன். நானும் அதில் சேர்த்திதான்.

நம் சபையில் சாட்சி என்றால் எழுந்து நின்றுதான் சொல்ல வேண்டும். யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. ராஜாவுக்கு முன்னால் யாராவது உட்கார்ந்துகொண்டு பேசுவார்களா என்று கேட்பார்கள். காய்ச்சலில் நடுங்குகிறவளும் நின்றுதான் சொல்லுவாள். நிறைமாதக்காரியும் நின்றுதான் சொல்லுவாள். நானும் அப்படி எத்தனையோ பேரை, "எழுந்து நின்னு சொல்லு தங்கச்சி" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டிருக்கிறேன்.

ஆபரேஷன் ஆகி ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஜட்காவிலிருந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் வைத்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாட்சி வேளை வந்தது. பாஸ்டர் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"சகோதரி சலோமி, கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்னு சொல்லுங்க."

"டாக்டர் நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு ஐயா. உக்காந்தே சொல்லட்டுமா?"

அவர் சிரித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டு சபையைப் பார்த்துக் கேட்டார்: "டாக்டர் பெரியவரா, கர்த்தர் பெரியவரா?"

சபை முழுக்க, "கர்த்தர்!" என்றது. மூப்பர் சாமுவேல்தான் முதல் ஆளாகக் கத்தினார். ஹார்மோனியம் வாசிக்கிறவர் ஒரு சுரக் கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். கைதட்டல் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "வேணாம் சலோமி" என்றார். அந்த மனுஷன் சபையில் வாயைத் திறந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். அது வேறு யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது.

நான் கக்கத்துக் கட்டைகளை ஊன்றி எழுந்தேன்.

"கட்டையை விடுங்க சகோதரி!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ கூவினார்கள். விட்டேன். இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மேடைப் பக்கம் நாலு எட்டு வைத்தேன். நாலாவது எட்டில் முட்டிக்குள்ளே ஏதோ மெத்தென்று இறங்கியது. சத்தம்கூட இல்லை. ஈர மண்ணில் கால் அழுந்துகிற மாதிரி இறங்கியது.

சபை ஆர்ப்பரித்தது. என் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்று முழுச் சாட்சியையும் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். ஒவ்வொரு வார்த்தையும் பொய். சொல்லும்போதே எனக்குத் தெரியும், கால் போய்விட்டது என்று.

நாலு நாள் மறைத்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சும்மா வலிக்கிறது என்றுதான் சொன்னேன். ஐந்தாம் நாள் பார்த்தால் முட்டிக்குக் கீழே கால் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் போய் ஜட்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் புது எக்ஸ்ரேயையும் பழைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். தூக்கி வைத்த எலும்பு மறுபடியும் உள்ளே இறங்கியிருந்தது. போல்ட்டு வளைந்திருந்தது.

"என்னாச்சு? கால் ஊனினியா?"

"இல்லை டாக்டர். குளிக்கிற ரூமில கொஞ்சம் வழுக்கிட்டேன். பலமா ஒண்ணும் விழலை."

இதை நான் யோசிக்காமலேயே சொன்னேன். சபையில் எழுந்து நடந்தேன் என்று சொன்னால் அந்த மனுஷன் சபையைக் காறித் துப்புவான், கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும் என்று நினைத்தேன். அதனால் பொய். சபையைக் காப்பாற்றப் பொய்.

அந்தப் பொய் என்ன செய்தது தெரியுமா? ஒரு வாரம் கழித்து டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் முகமே சரியில்லை.

"பாரும்மா. இவ்வளவு சின்ன வழுக்கலுக்கு நான் வெச்ச எலும்பு இப்படி இறங்கக் கூடாது. இறங்குதுன்னா அது பிடிக்கவே இல்லைன்னு அர்த்தம். உள்ளே சீழ் இருக்கலாம். எலும்புக் காசமாக்கூட இருக்கலாம். அந்த மாதிரி எலும்பில மறுபடி வெச்சாலும் நிக்காது. அதனால முட்டியை நேரா வெச்சு ஒட்டிடலாம்னு இருக்கேன். வலி இருக்காது. நடக்கலாம். மடக்க மட்டும் முடியாது. திங்கட்கிழமை செய்துடலாம்."

மடக்க முடியாது. நான் காலால் மிஷின் மிதித்துச் சாப்பிடுகிறவள். கீழே உட்கார முடியாது, முழங்கால் போட முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது. கம்பு மாதிரி ஒரு காலை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் ஜன்னலோரம் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு வியாழக்கிழமை. மத்தியானம் பார்வையாளர் வேளையில் மூப்பர் சாமுவேல் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் பேசினார்.

"அத்திபெலே ஊர் ஜெபக் கூட்டத்துல பாஸ்டர் ஐயா உங்க சாட்சியைத்தாம்மா சொன்னாரு. கட்டையை வீசிட்டு நடந்த சகோதரின்னு. மூணு குடும்பம் அங்கேயே கர்த்தருக்குத் தங்களை ஒப்புக்கொடுத்துட்டாங்க. எப்பேர்ப்பட்ட ஆசீர்வாதம்!"

"நான் இங்கே கிடக்கிறேனே அண்ணே?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க திரும்ப ஆஸ்பத்திரியில இருக்கிறது வெளியே தெரிய வேண்டாம். யாராச்சும் கேட்டா சொந்தக்காரங்க ஊருக்குப் போயிருக்கிறதா சொல்லிடறோம். சாட்சி கெட்டுப் போயிடும் பாருங்க."

சாட்சி கெட்டுப் போய்விடுமாம். கால் கெட்டால் பரவாயில்லை. அவர் ஜெபித்துவிட்டுப் போனார். பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா முனியம்மா, துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். பிளாக்பள்ளிக்காரிதான், மாரியம்மனுக்கு வருஷா வருஷம் அலகு குத்திக்கொள்கிறவள்.

"ஏம்மா, நீ பொய் சொன்னாத்தான் உங்க சாமி நிக்குமா? அவ்ளோ சொத்தையா அது?"

"வாயை மூடு" என்றேன். "உனக்கு என்ன தெரியும் எங்க சாமியைப் பத்தி?"

"எனக்கு என்னம்மா தெரியும்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனதும் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டேன். பகல் மூன்று மணி இருக்கும். அந்தப் போர்வைக்குள்ளே நான் செய்தது ஜெபம் என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்களோ மாட்டீர்களோ, எனக்குத் தெரியாது. சண்டை போட்டேன். துதியும் இல்லை, ஸ்தோத்திரமும் இல்லை.

உம்முடைய திரையை மாட்டத்தானே ஏறினேன்? ஏணியைப் பிடிக்க ஒரு தூதன் இல்லையா உம்மிடம்? போகட்டும். உம்முடைய பிள்ளைகள் எழுந்து நில் என்றார்கள், நின்றேன். அப்போதாவது அந்த எலும்பைப் பிடித்திருக்கக் கூடாதா? நாலே நாலு எட்டு! உமக்கு அது பெரிய காரியமா? இப்போது முட்டியே வேண்டாம் என்கிறான் டாக்டர். நான் என்ன பாவம் செய்தேன்? உம்முடைய பேரைக் காப்பாற்றத்தானே பொய் சொன்னேன்?



என் வாயிலிருந்து வந்த வார்த்தை எனக்கே கேட்டது. உம்முடைய பேரைக் காப்பாற்றப் பொய் சொன்னேன். யார் சொல்லச் சொன்னது? அவர் கேட்டாரா? முனியம்மா கேட்டதைத்தான் நானே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். மறுபடி ஜெபிக்கப் பார்த்தேன். முடியவில்லை. கர்த்தாவே என்று ஆரம்பித்தால் அந்தக் குளிக்கிற ரூம் வந்து குறுக்கே நிற்கிறது. நடக்காத வழுக்கல், விழாத விழுகை. அதைத் தள்ளாமல் ஒரு வார்த்தையும் மேலே போகாது என்று தெரிந்துவிட்டது. தரிசனம் ஒன்றும் காணவில்லை, சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வெட்கம் மட்டும் வந்தது. அதை அனுப்பினவர் கர்த்தர்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

போர்வையைத் தள்ளிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டேன். டாக்டரைப் பார்க்க வேண்டும், இப்போதே என்றேன். நாளைக் காலையில் வருவார் என்றாள். நாளைக்குள் எனக்குத் தைரியம் போய்விடும், இப்போதே கூப்பிடு என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். என் கோபம் என் வாழ்க்கையில் உருப்படியாக ஒரு வேலை செய்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

டாக்டர் வந்தார். வீட்டுக்குப் புறப்பட்டவர், கோட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"நான் வழுக்கி விழலை டாக்டர். பொய் சொன்னேன். எங்க சபையில எழுந்து நின்னேன். கட்டையை விட்டுட்டு நாலு எட்டு நடந்தேன். அப்புறம் கால் மணி நேரம் நின்னுக்கிட்டே பேசினேன்."

அவர் கோட்டைக் கட்டில்மேல் போட்டார்.

"நிஜ ஹேளம்மா, நிஜத்தைச் சொல்லு. நிஜம்தானா இது? முழுசா ஊனினியா?"

"சத்தியமா. எல்லாரும் பார்த்தாங்க. கை தட்டினாங்க."

அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! என் கோபமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கன்னடத்தில் அவர் திட்டியது எல்லாம் எனக்குப் புரிந்தது, எழுத மாட்டேன். ஐந்தாறு மணி நேரம் நின்று செய்த வேலையை ஒரு பாட்டுக்கு நடந்து கெடுத்தாயே என்றார். கை தட்டினவர்களை வரிசையாகக் கொண்டுவந்து ஒவ்வொருத்தருக்கும் காலில் கம்பி குத்தினால்தான் புத்தி வரும் என்றார். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

திட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டு, அந்த எக்ஸ்ரேயைக் கொண்டுவரச் சொன்னார். ஜன்னல் பக்கம் போய் மறுபடி பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"ஏழே வாரத்து எலும்பு மேல முழு ஆள் நின்னா எந்த எலும்பும் இறங்கும். அப்போ எலும்பு மேல தப்பே இல்லை. சீழும் இல்லை, காசமும் இல்லை. நல்ல எலும்பு. நல்ல எலும்புன்னா மறுபடியும் தூக்கி வைக்கலாம்."

"முட்டியை ஒட்ட வேண்டாமா?"

"வேண்டாம். திங்கட்கிழமைக்கு அப்புறம் நீ சொல்லியிருந்தா ஒட்டியாகியிருக்கும்."

சகோதர சகோதரிகளே, என் ஜெபத்துக்கு வந்த பதில் இதுதான். நான் கேட்டது முட்டியை. அவர் முதலில் தொட்டது நாக்கை. நாக்கு திறந்ததால் முட்டி பிழைத்தது. நான் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டே நாற்பது நாள் உபவாசம் இருந்திருந்தாலும், திங்கட்கிழமை என் காலைக் கம்பாக்கியிருப்பார்கள். டாக்டர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நான் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

இரண்டாவது ஆபரேஷனில் இன்னொரு பக்கத்து இடுப்பிலிருந்து எலும்பு எடுத்தார்கள். பழைய போல்ட்டைக் கழற்றி வேறே போட்டார்கள். மறுபடி மாவுக்கட்டு, மறுபடி பென்சிலின். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

"இவள் வேலை என்ன, தையலா? மிஷினோட பெல்ட்டைக் கழட்டிடு. சக்கரம் சுத்த வேண்டாம். உக்காந்துக்கிட்டே மிதி பலகையை மட்டும் மெல்ல ஆட்டட்டும். காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி. முட்டி அதில மடங்கும், கனமும் இறங்காது. எழுந்து நின்னாள்னா என்கிட்ட வந்து சொல்லு."

என் வீட்டுக்காரர் அன்றைக்கே பெல்ட்டைக் கழற்றி, மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மில்லுக்குப் போனாலும் அது அவர் பையில்தான் இருந்தது. நான் தினமும் வெறும் மிஷினை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசியும் இல்லை, நூலும் இல்லை. முதல் வாரம் கொஞ்சம்தான் மடங்கியது. ஒவ்வொரு ஆட்டலுக்கும் ஒரு பெயரைச் சொல்லி ஜெபித்தேன். டாக்டர் பெயர். முனியம்மா பெயர். மூப்பர் சாமுவேல் பெயர் வரும்போது பலகையைக் கொஞ்சம் பலமாகவே மிதித்துவிடுவேன், வலி கொல்லும். அந்தப் பெயரைச் சும்மா சொல்லி மெல்ல மிதிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

மழைக்காலம் முடிகிற சமயம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் ஊனச் சொன்னார். முதலில் வீட்டுத் தராசின் மேல் காலை வைத்து, ஒரு வீசை, இரண்டு வீசை என்று கனம் பார்த்து ஊன்றினேன். அதன்பிறகு ஒரு கட்டையோடு நடந்தேன். கடைசியில் கட்டை இல்லாமலும் நடந்தேன். அந்த நாள் சாயங்காலம் இவர் பையிலிருந்து பெல்ட்டை எடுத்து மிஷினில் மாட்டினார். நான் மிதித்தேன். சக்கரம் சுற்றியது. இரண்டு பேரும் அழுதோம். நான் முதலில் தைத்தது முனியம்மாவுக்கு ஒரு ரவிக்கை.

இத்தனை மாதமும் நான் சபைக்குப் போகவில்லை. பாஸ்டர் ஐயா இரண்டு தடவை ஆள் அனுப்பினார். காலில் கனம் இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அது உண்மைதான், முழு உண்மை இல்லை. உங்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் மிச்சம்.

டிசம்பர் மாதம் முதல் ஞாயிறு நடந்தே வந்தேன். கையில் ஒரு நாற்காலி. வீட்டுச் சாப்பாட்டு மேஜை நாற்காலிதான். முன்வரிசைக்கு முன்னால் போட்டேன். சாட்சி வேளை வந்ததும் யாரும் கூப்பிடாமலேயே போய் அதில் உட்கார்ந்தேன்.

பாஸ்டர் ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சகோதரி சலோமி! எழுந்து நின்னு சொல்லுங்க. இப்பத்தான் நல்லா நிக்க முடியுதே."

"நிக்க முடியும் ஐயா" என்றேன். "அதனாலதான் உக்காந்திருக்கேன்."

ஹார்மோனியம் நின்றுவிட்டது. நான் உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏணியைச் சொன்னேன். நாலு எட்டைச் சொன்னேன். நின்றுகொண்டு சொன்ன பொய்யைச் சொன்னேன். அத்திபெலேயைச் சொன்னேன். மூப்பர் சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரும் கை தட்டவில்லை. நல்லவேளை. அன்றைக்கு யாராவது கை தட்டியிருந்தால் நான் நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

பாஸ்டர் ஐயா மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். மிஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். அத்திபெலேக்கும் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தேன் என்றார். அந்த மூன்று குடும்பமும் என்ன ஆயிற்று என்று கேட்டேன். இரண்டு குடும்பம் போய்விட்டதாம். ஒரு குடும்பம், இப்போதுதான் எங்களுக்கு நம்பிக்கையே வருகிறது என்று சொல்லி இருந்துகொண்டதாம். அவரை மன்னித்தேன். சாமுவேல் அண்ணனையும் மன்னித்தேன். கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். மழை பெய்தால் முட்டி வலிக்கும், வலித்தால் கோபம் வரும், வந்தால் ஜெபிப்பேன். மூன்று வருஷமாக இப்படித்தான் போகிறது.

இப்போது என் முட்டி முக்கால்வாசி மடங்குகிறது. கொஞ்சம் சாய்ந்து நடக்கிறேன். முழங்கால் போட முடியாது. இடது முழங்காலை மட்டும் போட்டு ஜெபிப்பேன், அல்லது உட்கார்ந்தே ஜெபிப்பேன். அவர் கேட்கிறார். படுத்துக்கொண்டு போர்வைக்குள் சண்டை போட்டதையே கேட்டாரே.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது எலும்பு முறிந்திருக்கலாம், நெஞ்சில் சளி கட்டியிருக்கலாம், வெளியே சொல்ல முடியாத நோய் இருக்கலாம். கர்த்தரை நம்புங்கள். என்னைப்போல ஏச வேண்டியிருந்தால் ஏசியே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சபையின் மானத்துக்காக உங்கள் கையையும் காலையும் விற்காதீர்கள்.

அந்த நாற்காலியை நான் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகவில்லை. என் வீட்டுக்காரர் மூன்று வருஷமாகப் பலகையைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார். நான் உட்கார்ந்து சொன்னதற்கு அடுத்த ஞாயிறே ரோஸி தங்கச்சி, ஏழு மாத வயிற்றோடு, எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியைக் காட்டினேன். அவள் வந்து உட்கார்ந்தாள், பெருமூச்சு விட்டாள், அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. மெத்தை தைத்துப் போட்டிருக்கிறேன். உங்களுக்கும் சொல்ல ஏதாவது இருந்தால் வாருங்கள், முதலில் உட்காருங்கள்.